மூன்று சிமிட்டலில் அணைந்த சிக்னல்

பின்னால் வருவதைப் பார்க்கும் வலது பக்கக் கண்ணாடி இல்லாமல்தான் கார் என் கடைக்கு வந்தது. ஒடிந்த கண்ணாடியைப் பழைய துவாலையில் சுற்றிப் பின் சீட்டில் போட்டிருந்தான் மச்சான். அதிலிருந்து நாலைந்து ஒயர்கள் கோழிக் குடல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. "கண்ணாடிய நான் பழைய பாகம் விக்கிற ஹாஃப்கட் கடையில பாத்துக்கறேன் மாமா. ஒயர மட்டும் சேத்துக் குடுத்துடுங்க" என்றான்.

கோலாலம்பூர் செந்தூலில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஒயரிங் கடை வைத்திருக்கிறேன். இடிபட்டு வரும் காருக்குக் கதை கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்டால் பாதிக்கு மேல் அடுத்தவன் தப்பாகத்தான் வரும். இவன் வீட்டு ஆள் என்பதால் கேட்டேன். கேட்ட பிறகு காரில் இருந்த டேஷ்கேம் கேமராவின் பதிவையும் பார்த்தேன். மச்சானும் உண்மையைத்தான் சொல்கிறான், மோதிய மோட்டார் சைக்கிள்காரத் தம்பியும் உண்மையைத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. இரண்டு பேரும் உண்மை பேசியும் கண்ணாடி ஒடிந்தது எப்படி என்று பார்க்கப் போய்தான் இந்த ஆய்வே வந்தது.

நடந்தது

மச்சானுக்கு வீடு செலாயாங்கில், வேலை பிரிக்பீல்ட்ஸில். பதினோரு வருடம் ஒரு பெரோடுவா கார் ஓட்டினான். மூன்று மாதத்துக்கு முன்புதான் செகண்ட்ஹேண்டில் ஒரு ஐரோப்பிய கார் எடுத்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போகும், தட்டினால் மூன்று முறை சிமிட்டித் தானே அணையும் சிக்னல் வசதி இன்று பல புதுக் கார்களில் இருக்கிறது. பழைய காரில் சிக்னல் லீவர் வலது கையில், இதில் இடது கையில். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தான். அது பழகிவிட்டது. இன்னொன்று பழகவில்லை, அது பழகவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதே முக்கால். ஜாலான் கூச்சிங்கில் நெரிசல் விட்டுப்போன நேரம். செகாம்புட்டைத் தாண்டி நகரத்தை நோக்கி இடது லேனில் வந்துகொண்டிருந்தான். முன்னால் ஒரு மணல் லாரி. நடு லேனுக்குப் போகலாம் என்று லீவரை விரலால் ஒரு தட்டுத் தட்டினான், கண்ணாடியைப் பார்த்தான். நடு லேனில் ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. சரி, அது போகட்டும் என்று பொறுத்தான். அது போனதும் ஸ்டியரிங்கைத் திருப்பினான். டப்பென்று ஒரு சத்தம். வெள்ளைக் காருக்குப் பின்னாலேயே, இரண்டு லேனுக்கும் நடுவே உள்ள கோட்டில் வந்த கப்சாயின் (சின்ன மோட்டார் சைக்கிளின்) இடது கைப்பிடி, இவன் வலது கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது.

தம்பி விழவில்லை, கடவுள் புண்ணியம். இரண்டு மூன்று முறை ஆடி, சமாளித்து, நூறு மீட்டர் தள்ளி ஓரத்தில் நிறுத்தினான். இடது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். மச்சான் ஓடிப்போய் நின்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி இது: "அண்ணே, சிக்னல் போட்டீங்க, பாத்தேன். அப்புறம் எடுத்துட்டீங்க. உள்ள வரலன்னுதானே அர்த்தம்?"

"நான் எங்கப்பா எடுத்தேன்? போட்டபடியேதான இருந்துச்சு!"

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒருவன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான், இன்னொருவன் கையால் செய்ததைச் சொல்கிறான்.

24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. இரண்டு பேரும் அன்று மதியமே போய்க் கொடுத்தார்கள். லேன் மாறியவன்தான் பார்த்து மாற வேண்டும் என்று 300 வெள்ளி (ரிங்கிட்) அபராதச் சமன் மச்சானுக்கு வந்தது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் 55 சதவீத இன்சூரன்ஸ் தள்ளுபடியை (என்சிடி) இழக்க மனமில்லாமல் இன்சூரன்ஸ் பக்கம் போகாமல் தன் செலவிலேயே முடித்துக்கொண்டான். தம்பியின் கைக்கும் மோட்டாருக்கும் ஆன செலவையும் கொடுத்தான். வழக்கு அங்கே முடிந்தது. எனக்கு முடியவில்லை.

டேஷ்கேமைக் கேட்டது

'பார்த்தது' என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் விஷயம் காதில்தான் கிடைத்தது. முன் கேமராவுக்கோ பின் கேமராவுக்கோ சொந்தக் காரின் சிக்னல் விளக்கு தெரியாது, அதுவும் பகலில். ஆனால் டேஷ்கேமில் மைக் இருக்கிறது. வானொலியில் ஒருவர் ஏதோ விளம்பரம் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சுக்கு அடியில் மெல்லிசாக டிக்-டொக், டிக்-டொக், டிக்-டொக். அவ்வளவுதான். ஆறு சத்தம். அப்புறம் விளம்பரம் மட்டும்தான்.

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பதினைந்து இருபது தடவை கேட்டேன். முதல் டிக் கேட்ட இடத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டால், கடைசி டொக் இரண்டாவது நொடியில் முடிகிறது. வெள்ளைக் கார் பக்கவாட்டில் கடந்துபோவது 2.3இல். முன் கேமராவில் லேன் கோடு நகரத் தொடங்குவது 2.7இல். வலது முன் டயர் கோட்டைத் தொடுவது ஏறத்தாழ 3.9இல். டப் சத்தம் 4.5இல்.

பின் கேமராவில் மோட்டார் தெரிகிறது. சுழியத்தில் இருபத்தைந்து, முப்பது மீட்டர் பின்னால். சிக்னல் தொடங்கியதும் மோட்டாரின் மூக்கு சற்றே கீழே இறங்குகிறது. முன் பிரேக் பிடித்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும், அதுதான். ஆக, தம்பி சிக்னலைப் பார்த்திருக்கிறான், மதித்துமிருக்கிறான். 2.4 வாக்கில் மூக்கு நிமிர்கிறது. த்ராட்டிலைத் திருகிவிட்டான். சிக்னல் அணைந்த அரை நொடிக்குள்.

அந்த மூக்கு இறங்கி நிமிர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முழு நிகழ்வும் புரிந்தது. மச்சான் மோட்டாரைக் கவனிக்காமல் போனது தப்புதான். திரும்பும் முன் இரண்டாவது தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை, தோளைத் திருப்பியும் பார்க்கவில்லை. தம்பியும் கோட்டின் மேல் அந்த வேகத்தில் வந்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் நம் ஊரில் தினம் நடப்பவை. ஆனால் நின்ற சிக்னல் ஒன்று அவனைக் கூப்பிட்டு, 'நான் வரவில்லை, நீ போ' என்று சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னது மச்சான் இல்லை, கார்.

கார் அப்போது மணிக்கு 72 கிலோமீட்டரில் போயிருக்கிறது. அதாவது நொடிக்கு 20 மீட்டர். சிக்னல் எரிந்தது 40 மீட்டர் தூரம். டயர் கோட்டைத் தொட்டது 78ஆவது மீட்டரில். நடுவே 38 மீட்டர் கார் எதுவும் சொல்லாமல் போயிருக்கிறது.

லீவருக்குள் என்ன இருக்கிறது

இந்த வசதியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் விற்கும். செய்வது ஒன்றுதான். லீவரை முழுதாகத் தள்ளாமல் லேசாகத் தட்டிவிட்டால், கையை எடுத்த பிறகும் சிக்னல் மூன்று தடவை சிமிட்டிவிட்டு நின்றுவிடும். நின்றதைச் சொல்ல தனியாக ஒரு சத்தமும் கிடையாது.

இது ஏன் வந்தது என்பதற்கு ஸ்டியரிங் கம்பத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஜங்ஷனில் சிக்னல் போட்டுத் திரும்புகிறீர்கள். ஸ்டியரிங்கோடு சேர்ந்து 'கேம்' என்ற சின்னப் புடைப்புத் துண்டு ஒன்று சுற்றுகிறது. ஸ்டியரிங் நேராகத் திரும்பி வரும்போது அது லீவரின் கொக்கியைத் தட்டிவிடும், சிக்னல் அணையும். 1939இல் பியூக் கார் மின்சாரச் சிமிட்டல் சிக்னலோடு வந்தது; அடுத்த வருடமே அது தானாக அணையும்படி செய்துவிட்டார்கள். எண்பத்தைந்து வருடமாக அந்தக் கேம் நன்றாகவே வேலை செய்கிறது, ஜங்ஷனில்.

லேன் மாறும்போது செய்யாது. 70 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் நகர ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். ஐந்து, மிஞ்சிப் போனால் பத்து டிகிரி. கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஆறு டிகிரி, அவ்வளவுதான். கேமுக்கு அது திரும்பினதாகவே கணக்கில்லை. ஆகவே லேன் மாற முழுசாகப் போட்ட சிக்னல் தானாக அணையாது. கையால் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கெப்போங்கிலிருந்து சுங்கை பீசி வரை அடித்துக்கொண்டே போகும். அப்படிப் போகிற கார்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பின்னால் வருகிறவன் 'இவன் எங்கேயும் போகமாட்டான்' என்று கழித்துவிடுவான். ஒருநாள் அவன் உண்மையாகவே போவான்.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. லீவரைப் பாதி தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தால் எரியும், விட்டால் அணையும். நல்ல ஏற்பாடு. விரல் லீவரில் இருக்கும்வரை மூளைக்கும் நினைவிருக்கும். ஆனால் நாலு நொடி பிடித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு பாதி நிலை இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இதில் அமெரிக்காவில் ஒரு பழைய கணக்கு உண்டு. ரிச்சர்ட் போன்சியானி என்ற பொறியாளர் 12,000 கார்களைக் கவனித்து 2012இல் ஓர் அறிக்கை கொடுத்தார். லேன் மாறும்போது சிக்னலே போடாமலோ, போட்டதை அணைக்காமலோ விட்டவர்கள் 48 சதவீதம். திரும்பும்போது தவறியவர்கள் 25 சதவீதம். ஜங்ஷனைவிட லேனில்தான் சிக்னல் அதிகம் பொய்க்கிறது, அதற்குக் காரணம் பாதி இந்தக் கேம் என்பது என் ஊகம்.

ஆகவே தட்டினால் மூன்று என்பது கெட்ட யோசனை இல்லை. சிக்னல் போடச் சோம்பல்பட்டவனை அது போட வைத்தது. அணைக்க மறந்தவனுக்காகத் தானே அணைந்தது. மச்சானின் பழைய காரில் இந்த வசதி இல்லை. அப்போது அவன் லேன் மாறப் பாதி நேரம் சிக்னலே போட்டதில்லை என்று அவன் அக்காவே சொல்வாள். இந்தக் காரில் தினமும் போடுகிறான். அது முன்னேற்றம்தான்.

குறை எங்கே என்றால், எண்ணிக்கையில். ஐ.நா. வாகன விதிகளில் 48ஆம் எண் விதி, சிக்னல் நிமிடத்துக்கு 90 முறை சிமிட்ட வேண்டும், 30 கூடலாம், 30 குறையலாம் என்கிறது. 90 என்றால் மூன்று சிமிட்டல் இரண்டு நொடி. வேகமாகச் சிமிட்டும் காரில் ஒன்றரை நொடி, மெதுவான காரில் மூன்று. லேன் மாறுவது என்பது பார்ப்பது, காத்திருப்பது, நகர்வது, நிலைகொள்வது எல்லாம் சேர்ந்து நாலிலிருந்து ஆறு நொடி ஆகிற வேலை. இரண்டு நொடிச் சிக்னல் அதற்கு எப்படிப் போதும்? தட்டும்போதே ஸ்டியரிங்கையும் திருப்புகிறவனுக்கு மட்டும்தான் போதும். அதாவது யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் போகிறவனுக்கு. சிக்னல் போட்டுவிட்டுப் பொறுத்துப் பார்க்கிற நல்ல ஓட்டுநரைத்தான் இது காலை வாருகிறது. அன்று மச்சான் வெள்ளைக் காருக்கு வழி விடாமல் உடனே திருப்பியிருந்தால் சிக்னல் இருந்திருக்கும். வேறு ஏதாவது நடந்திருக்கும், அது வேறு கதை.

தோட்டத்தில் எங்கள் தாத்தா காலத்தில் கிராணியாரிடம் (எழுத்தரிடம்) ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. அதில் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். சிமிட்டாது, நீண்டு நிற்கும். மழையில் சில நாள் நீண்ட கை உள்ளே போகாது. கிராணியார் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து உள்ளே தள்ளிவிட்டுப் போவார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்தக் கையில் ஒரு நேர்மை இருந்தது: வெளியே நிற்கும்வரை போகப்போகிறார், உள்ளே போனால் இல்லை.

கப்சாய்க்காரன் கண்ணில்

நம் ஊர்ச் சாலையில் காருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் இன்னொரு கார் இல்லை, மோட்டார். ஃபெடரல் ஹைவேயில் மோட்டாருக்குத் தனிப் பாதை உண்டு, ஜாலான் கூச்சிங் மாதிரிச் சாலைகளில் கார்களுக்கு நடுவே உள்ள கோடுதான் அவர்களுக்குப் பாதை. சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள்தான். ஆகவே சிக்னல் யாருக்கு எப்படிப் புரிகிறது என்றால், அவனுக்கு எப்படிப் புரிகிறது என்பதுதான் கேள்வி.

கப்சாயில் சிக்னல் தானாக அணையாது. இடது கைக் கட்டைவிரலால் தள்ளினால் எரியும். அணைய வேண்டுமென்றால் அதே விரலால் அமுக்க வேண்டும். கேம் இல்லை, கணக்கு இல்லை, ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட வண்டியில் வருடக்கணக்காக ஓட்டுகிறவனுக்கு, எரிந்த சிக்னல் அணைகிறது என்றால் ஒரு மனிதன் விரலை வைத்து அணைத்திருக்கிறான் என்றுதான் பொருள். மனம் மாறிவிட்டான். வரவில்லை. போகச் சொல்கிறான்.

மச்சானுக்குத் தட்டு என்பது 'நான் வரப்போகிறேன்' என்று ஒருமுறை சொன்னது. சொன்னது சொன்னதுதான். தம்பிக்கோ அணைந்தது இரண்டாவது வாக்கியம். காரைச் செய்தவர்கள் எரிவதை மட்டும் பேச்சாக நினைத்து, அணைவதைப் பேச்சின் முடிவாக நினைத்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. சாலையில் அணைவதும் ஒரு பேச்சுதான்.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம்

கண்ணாடி மாட்டி முடித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது அதே வழியில் போனோம். மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். கடைப் பையன் தன் கப்சாயில் நல்ல தூரம் விட்டுப் பின்னால். எதைச் சோதிக்கிறோம் என்று அவனிடம் சொல்லவில்லை. கார் லேன் மாறும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று மட்டும் சொல் என்றேன்.

முதலில் அதே மூன்று சிமிட்டல், இரண்டு நொடி பொறுத்து மாறுவது. கெப்போங் ரவுண்டபவுட் பக்கம் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி தே தாரிக் டீ சொல்லிவிட்டுக் கேட்டேன். "பாஸ், போட்டுப் போட்டு எடுக்கறீங்க. அப்புறம் சொல்லாம கொள்ளாம போறீங்க. மச்சானுக்குத் தூக்கமா?" என்றான். மச்சான் ரொட்டி சானாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது லீவரை முழுதாகத் தள்ளி, மாறி முடித்ததும் கையால் எடுப்பது. பையனுக்குப் புகார் இல்லை. புகார் மச்சானுக்குத்தான், ஏழு தடவையில் இரண்டு தடவை எடுக்க மறந்தான்.

அப்புறம் கடைக்கு வந்து ஸ்கேனரை மாட்டினேன். இன்றைய காரில் சிமிட்டலைப் பழைய ரிலே செய்வதில்லை. லீவர் ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. எத்தனை தடவை, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் பாடி கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. டிக்-டொக் சத்தம்கூடப் பல காரில் ஸ்பீக்கரிலிருந்து வரும் நாடகம். ஆகவே எண்ணிக்கை என்பது உள்ளே ஓர் எண், அவ்வளவுதான். சில கார்களில் டேஷ்போர்டு மெனுவிலேயே மாற்றலாம். இதில் ஸ்கேனர் வேண்டியிருந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை வைக்கலாம் என்றது. ஐந்து வைத்தேன். மூன்றே கால் நொடி சொச்சம்.

பையனை மறுபடி அனுப்பினேன். "இப்ப பரவால்ல பாஸ். போறீங்கன்னு தெரியுது" என்றான். கணக்குப்படி ஐந்தும் போதாது. அன்றைய நாளைப் போல இன்னொரு காருக்குப் பொறுத்தால், டயர் கோட்டைத் தொடும் முன் இதுவும் அணைந்திருக்கும். ஆனாலும் இருட்டு ஏறக்குறைய இரண்டு நொடியிலிருந்து அரை நொடிக்குக் குறைந்திருக்கிறது. ஒரு ஸ்கேனரும் பத்து நிமிடமும் செலவு செய்து கிடைத்த லாபம் என்று பார்த்தால் மோசமில்லை.

இதே வாரத்தில் இன்னொன்றும் தற்செயலாகக் கிடைத்தது. தங்கச்சியின் புதுக் காரில், சிக்னல் போடாமல் கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டியரிங் தானே பிடித்து இழுக்கும் வசதி இருக்கிறது. "எனக்கு மட்டும் லேன் மாறும்போது ஸ்டியரிங் முரண்டு பிடிக்குது, கொஞ்சம் பாருண்ணே" என்று கொண்டுவந்தாள். ஓட்டிப் பார்த்தால் அதே கதை. லேசாகத் தட்டுகிறாள், நிதானமாக மாறுகிறாள், மூன்று சிமிட்டல் முடிந்துவிடுகிறது. இப்போது காரின் கேமராவுக்கு அவள் தூங்கி வழிந்து கோட்டை நோக்கிச் சரிகிறாள். ஒரே காரில், ஒரு கம்ப்யூட்டர் அணைத்த சிக்னலை இன்னொரு கம்ப்யூட்டர் குற்றமாக எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி ஓரத்தில் மோட்டார் வருவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கும் இப்படித்தான்: பல கார்களில் அந்தப் பக்கம் சிக்னல் எரியும்போதுதான் அது சிமிட்டிச் சத்தம் போடும். சிக்னல் நின்றால் அதுவும் சாந்தமாகிவிடும். புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஆசியான் என்கேப் அமைப்பு 2021இலிருந்து மோட்டார் ஓட்டிகளின் பாதுகாப்புக்கென்று தனி மதிப்பெண் வைத்து இந்த மாதிரி வசதிகளைக் காரில் கொண்டுவரப் பார்க்கிறது. நல்லது. ஆனால் அத்தனையும் கடைசியில் அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது.

வேறு எப்படிச் செய்யலாம்

வேடிக்கை என்னவென்றால், சரியான பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, மனிதனுக்கு இல்லை, இயந்திரத்துக்கு. ஐ.நா. விதி எண் 79 ஸ்டியரிங்கைப் பற்றியது. கார் தானே லேன் மாறும் வசதிக்கு அதில் ஒரு பகுதி உண்டு. ஓட்டுநர் சிக்னல் போட்ட பிறகுதான் வேலையே தொடங்கலாம். முதல் ஒரு நொடி பக்கவாட்டில் நகரவே கூடாது. கோட்டைத் தாண்டும் வேலையை 3 நொடிக்கு முன்பும் தொடங்கக் கூடாது, 5 நொடிக்கு மேல் தள்ளவும் கூடாது. எல்லாம் முடியும்வரை சிக்னல் எரிய வேண்டும். புது லேனில் கார் தன் பிடிப்பை மீண்டும் எடுத்ததும் அரை நொடிக்குள் தானே அணைய வேண்டும்.

மச்சானின் டயர் கோட்டைத் தொட்டது 3.9இல். அந்த விதியின் 3-க்கும் 5-க்கும் நடுவே கச்சிதமாக உட்காருகிறது. ஆக, இயந்திரம் மாறச் சொன்ன நேரத்தில்தான் மனிதனும் மாறியிருக்கிறான். இயந்திரத்துக்கு முடியும்வரை விளக்கு கொடுத்தார்கள், இவனுக்கு இரண்டு நொடி கொடுத்தார்கள்.

கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கேமரா இன்று நடுத்தர விலைக் காரிலேயே முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கேமராவிடம் 'கோட்டைத் தாண்டும்வரை சிக்னலை அணைக்காதே' என்று சொல்வது புதுப் பாகம் கேட்கிற வேலை இல்லை. டெஸ்லா அதைச் செய்கிறது: லேன் மாறி முடிந்ததைக் கேமராவில் பார்த்து அணைக்கும். அதே டெஸ்லா 2023இல் புதுப்பித்த மாடல் 3இல் லீவரையே எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் பொத்தானை வைத்தது. அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். சிக்னல் கை பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை.

இன்னும் ஒரு படி போய், ஸ்டியரிங் திரும்புவதைக் கண்டு சிக்னலும் தானாகவே போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கடைக்கு வந்த ஒருவர் அதற்கு ஒரு கிட் கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் என்றேன். கார் நகர்ந்த பிறகு எரிகிற சிக்னல் பின்னால் வருகிறவனுக்கு எதற்கு? கார் நகர்வதை அவனே பார்க்கிறானே. சிக்னல் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், ஸ்டியரிங்கில் இருப்பதை இல்லை. தானாக அணைவது சரி. தானாக எரிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதுவரை என் யோசனை எளிது. ஐந்து வைக்க முடிந்தால் வையுங்கள். தட்டிவிட்டுப் பொறுக்க வேண்டி வந்தால், திருப்பும் முன் இன்னொரு தட்டுத் தட்டுங்கள். நான் பார்த்த கார்களில் பெரும்பாலானவற்றில் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த இரண்டாவது தட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு. தட்டும்போது கண் தானாகக் கண்ணாடிக்குப் போகும். போகாவிட்டால் போக வையுங்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பியே கடைக்கு வந்தான். மச்சான் நம்பர் கொடுத்திருக்கிறான். கை ஆறிவிட்டது, இரண்டு முட்டியில் மட்டும் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. இடித்ததில் இடது முன் சிக்னல் விளக்கு தளர்ந்துவிட்டது, அதைப் பார்க்க வேண்டும், அப்படியே சிக்னல் எரிந்தால் கத்துகிற ஒரு பஸ்ஸரும் மாட்டித் தரமுடியுமா என்றான். எதற்கு என்று கேட்டேன். "போட்டுட்டு மறந்துடறேன் அண்ணே" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. வெளியே போய்ப் பார்த்தேன். வாசலில் ஸ்டாண்டு போட்டிருந்தான், சாவியை எடுக்கவில்லை. வலது பக்கச் சிக்னல் அடித்துக்கொண்டிருந்தது. என் கடை அவன் வந்த வழிக்கு இடது பக்கம்.